பின் சீட்டுக்கு ஏசி

சூடு என்று யாராவது சொன்னால் நான் அப்படியே நம்பிவிடுவேன். தொழில் அப்படி. காருக்கு ஏசி போடுகிறவன் நான். என் பட்டறைக்கு வருகிறவர்கள் யாரும் சௌக்கியம் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. வேகுது, புழுங்குது, உள்ளே உட்கார முடியல என்றுதான் வருவார்கள். நானும் ஏன் எதற்கு என்று குடைந்து கேட்க மாட்டேன், பானெட்டைத் தூக்கிவிடுவேன். அம்மா சூடு என்று சொன்னபோதும் அதைத்தான் செய்தேன். வேறு வேலை பார்க்கிற எவனும் இப்படி ஏமாந்திருக்க மாட்டான்.

அம்மா அண்ணன் வீட்டில் இருக்கிறாள், ஊருக்கு அந்தக் கோடியில். நான் கல்யாணம் முடிந்து இந்தக் கோடியில் வீடு பிடித்து வந்ததிலிருந்து அவள் ஒரு தடவைகூட என் வீட்டுப் படி ஏறியதில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அப்பா போனதற்கு அடுத்த கோடையில் பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்தாள். வெயிலில் அலையக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அது பொய்யில்லை, பக்கத்தில் நின்று நானே காதால் கேட்டேன். அதிலிருந்து நான் கூப்பிடும்போதெல்லாம், "இந்த வெயில் மட்டும் இல்லன்னா வராம இருப்பேனாப்பா" என்பாள். மழைக்காலத்தில் கூப்பிட்டால் பஸ்ஸுக்குள் புழுக்கம் என்பாள். பனிக்காலத்தில் கூப்பிட்டால் காலையில் நன்றாகத்தான் இருக்கும், மத்தியானம் சுள்ளென்று அடிக்கும் என்பாள். நானும் மண்டையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன்.

என் மனைவிக்கு இது இரண்டாம் கல்யாணம். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒளித்து வைத்தேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. கல்யாணத்துக்கு வந்தாள், முன் வரிசையில் உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், போட்டோவுக்கு நின்றாள். எங்க அம்மாவுக்கு மனசு பெரிசு என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மண்டபம் ஏசி மண்டபம்.

அப்பாவின் வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னைவிட வயதில் மூத்த வண்டி. பச்சை நிறம், வீட்டில் அதற்குப் பெயரே பச்சைதான். முன்னால் நீளமாக ஒரே சீட்டு, கியர் ஸ்டியரிங்கோடு ஒட்டியிருக்கும். அப்பா ஓட்டுவார், அம்மா ஜன்னல் ஓரம், அண்ணனும் நானும் பின்னால் அடித்துக்கொள்வோம். அம்மா பின் சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி எடுப்பாள். ஒரு தடவை அப்பாவின் மேலதிகாரியை மரியாதைக்காக முன்னால் உட்கார வைத்து, அம்மாவைப் பின்னால் ஏற்றினார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் அந்த மனிதரின் சட்டைக் காலர் போயே போயிற்று. அதற்கப்புறம் யார் வந்தாலும் முன் சீட்டு அம்மாவுக்குத்தான். அது எங்கள் வீட்டில் சட்டம்.

அப்பாவுக்கு இன்னொரு சட்டம் இருந்தது. பச்சையில் புதிதாக ஒரு ஓட்டை விழக் கூடாது. பாட்டுப் பெட்டி மாட்டக்கூட விடவில்லை. அம்மா மடியில் ஒரு சின்ன ரேடியோவை வைத்துக்கொண்டு வருவாள், பாட்டுக்கு அது போதும் என்பார். நான் தொழில் கற்றுக்கொண்ட புதிதில் ஏசி போட்டுத் தருகிறேன் என்று ஆசையாகக் கேட்டேன். "என் வண்டி மேல டிரில்ல வெச்சே, கைய ஒடிச்சிருவேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் சொன்னதைச் செய்கிற ஆள்.

அப்பா போன பிறகு வண்டி அம்மா பெயருக்கு மாறியது, அண்ணன் வீட்டுக் கொட்டகையில் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் ஸ்டார்ட் பண்ணி, துடைத்துவிட்டு வருவேன். அந்த வண்டியைத் தொட்டுவிட்டு வந்தால் அந்த வாரம் நன்றாகப் போகும். எனக்கு அப்பா மிச்சம் வைத்தது அதுதான்.

கோடை தொடங்கிய சமயம் ஒருநாள் அண்ணன் பச்சையை ஓட்டிக்கொண்டு நேராகப் பட்டறைக்கே வந்து நின்றான். அண்ணன் பேச்சுக்காரன். அவன் பேசினால் எதிரில் இருப்பவனுக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. என் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"இதுல ஏசி போட்டுடு. அம்மா உன் வீட்டுக்கு வரணும்னா இதுதான் வழி. நானே கூட்டிட்டு வரேன், மாசத்துக்கு ஒரு தடவை."

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஊரில் இருக்கிறவன் வண்டிக்கெல்லாம் ஏசி போடுகிறேன், பெற்றவள் சூடு தாங்காமல் வீட்டுக்குள் கிடக்கிறாள். அப்பாவின் சட்டம் நினைவுக்கு வந்தது. அண்ணன் என் முகத்தைப் பார்த்தே அதைப் படித்துவிட்டான். அம்மாவுக்காக என்றால் அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார் என்றான். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன்.

பழைய வண்டிக்கு ஏசி போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. புது வண்டியில் எல்லாவற்றுக்கும் இடம் விட்டு வைத்திருப்பார்கள். இதில் நாமே இடம் உண்டாக்க வேண்டும். இஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற கம்ப்ரசரை உட்கார வைக்கத் தடித்த இரும்புத் தகட்டை வெட்டி ஒரு தாங்கி செய்தேன். ஒரு மயிரிழை சாய்ந்தாலும் பெல்ட் கத்தும், ஆகவே கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, சரி பார்த்தேன். பழைய டைனமோவுக்கு இவ்வளவு கரண்ட் கொடுக்கத் தெம்பு இல்லை, அதை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட வேண்டியிருந்தது. கழற்றியதைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்தேன். ரேடியேட்டருக்கு முன்னால், உள்ளே இருந்து எடுத்த சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சர், அதற்குத் தனி ஃபேன். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்யாவிட்டால் உள்ளே ஆள் குளிரில் நடுங்குவான், வெளியே இஞ்சின் கொதித்து நிற்கும்.

இஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் ஒரு தகடு இருக்கும். ஏசிக் குழாய்கள் உள்ளே வர அதில் இரண்டு ஓட்டை போட்டே ஆக வேண்டும், வேறு வழி இல்லை. குறி போட்டேன். டிரில்லை எடுத்தேன், வைத்தேன், டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து இன்னொரு தடவை எடுத்தேன், வைத்தேன். பக்கத்து ஷெட்டில் எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனை எல்லோரும் ஃப்யூஸ் என்று கூப்பிடுவோம், எந்த வண்டி நின்றாலும் ஃப்யூஸ் போயிருக்கும் என்றுதான் ஆரம்பிப்பான். என்ன, உங்கப்பா பின்னாடி நிக்கிறாரா என்று கேட்டான். நான் கையில் இருந்த துணியை அவன் மூஞ்சியில் எறிந்துவிட்டு, அம்மாவுக்காகப்பா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு டிரில்லை அழுத்தினேன். பச்சைப் பெயின்ட்டோடு இரும்புத் தூள் என் செருப்பில் விழுந்தது. ஓட்டையின் விளிம்பை அரத்தால் ராவி, துரு பிடிக்காமல் அதே பச்சையை ஒரு சின்ன பிரஷ்ஷால் பூசி, ரப்பர் வளையம் போட்டேன். அப்பா வந்து பார்த்தால் திட்டுவதற்கு ஓட்டையைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது.

வீட்டில் போய்ச் சொன்னேன். மனைவி, "வந்தா நல்லதுதான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது, என்ன இவ்வளவு சுரத்தில்லாமல் பேசுகிறாய் என்று சத்தம் போட்டேன். மறுநாள் வேலை முடித்து வந்து பார்த்தால் முன் அறையில் கைப்பிடி வைத்த ஒரு புது நாற்காலி. அம்மாவுக்கு முழங்கால் வலி, கைப்பிடி இல்லாமல் எழுந்திருக்கச் சிரமப்படுவாள் என்று நான் எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்திருந்தாள். வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போட்டிருந்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த நாற்காலியில் நாங்கள் இரண்டு பேருமே உட்காரவில்லை.

அண்ணன் அடிக்கடி போன் செய்தான். எப்போது முடியும், எப்போது முடியும் என்று நச்சரித்தான். அப்புறம் ஒருநாள், பின் சீட்டுக்கும் தனியாக ஒரு ஏசிப் பெட்டி வை என்றான். பின்னால்தான் குளிர் நன்றாக வர வேண்டுமாம், முன்னால் பேருக்கு இருந்தால் போதுமாம். அம்மா முன்னால்தானே உட்காருவாள் என்று கேட்டேன். பசங்க பின்னால் இருப்பார்களே என்றான். அவன் பிள்ளைகள் எனக்கும் பிள்ளைகள் இல்லையா, நம்பினேன். நடுவில் வண்டியை ஒரு வாரம் வாங்கிக்கொண்டு போய்ப் பின் சீட்டுக்கு மட்டும் சந்தன நிறத்தில் புதுத் தோலுறை போட்டுக்கொண்டு வந்தான். முன் சீட்டில் அப்பா காலத்து உறை கிழிந்து கிடக்கிறது. இது என்ன கூத்து என்று கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம் என்றான். அதையும் நம்பினேன். ஃப்யூஸ் மட்டும் அந்தச் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, உங்கண்ணன் பசங்க ரொம்ப மேலே போயிட்டாங்க போல என்றான். அவன் வாயை மூடச் சொன்னேன்.

என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் யார் உட்காரப் போகிறார்களோ அவர்கள் வந்து உட்காராமல் நான் வேலையை முடிக்க மாட்டேன். காற்று வருகிற வாய்களைத் தளர்வாகத்தான் மாட்டி வைத்திருப்பேன். ஆள் வந்து உட்கார வேண்டும், கண்ணை மூட வேண்டும், காற்று எங்கே படுகிறது என்று சொல்ல வேண்டும். சிலருக்கு நேராக முகத்தில் அடித்தால் தும்மல் வரும். சிலருக்கு முழங்காலில் பட்டால் வலி எடுக்கும். கழுத்துக்குக் கீழே, தோளுக்கு மேலே என்று பார்த்துப் பார்த்து வைத்து, பிறகுதான் முடுக்கிவிட்டுப் பேனலை மூடுவேன். ஃப்யூஸ் என்னைத் தையல்காரன் என்று கிண்டல் செய்வான். செய்யட்டும், என்னிடம் போட்ட ஏசியைக் குறை சொல்லி இதுவரை ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை.

ஆகவே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றேன். அண்ணன் மழுப்பினான். அம்மாவின் உயரம் உனக்குத் தெரியாதா, நீயே உட்கார்ந்து பார்த்து முடித்துவிடு என்றான். அம்மாவுக்கு முடியவில்லை என்றான். வெயிலாக இருக்கிறது என்றான். வெயில் என்றதும் நான் மசிந்திருப்பேன், ஆனால் என் வழக்கத்தில் நான் யாருக்கும் மசிந்ததில்லை. அம்மா உட்காராமல் வண்டி பட்டறையை விட்டு வெளியே போகாது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அண்ணனும் அம்மாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அன்று காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. நான் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். மனைவியிடம் சாயங்காலம் அம்மாவோடு வருவேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். பச்சையின் முன் கதவைத் திறந்து வைத்து, கிழிந்த உறை குத்தாமல் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றேன்.

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். இளைத்துப் போயிட்டியே என்றாள். திறந்து வைத்திருந்த முன் கதவைத் தாண்டிப் போனாள். பின் கதவைத் தானே திறந்து, உள்ளே ஏறி, சந்தன நிறச் சீட்டின் நடுவில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள், "காத்து நல்லா வருதுப்பா. இதே மாதிரி இருக்கட்டும்" என்றாள்.

நான் இன்னும் இஞ்சினையே கிளப்பவில்லை.

திறந்த முன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின் சீட்டில் உட்கார்ந்தால் குடலே வெளியே வருகிறவள், யாரோ சொல்லிக் கொடுத்தது போல நேராகப் போய் உட்கார்ந்துகொண்டு, வராத காற்றை வருகிறது என்கிறாள். அண்ணனைப் பார்த்தேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஃப்யூஸ் தன் ஷெட்டுக்குள் போய்விட்டான். போகிற போக்கில் அவன் என்னைப் பார்க்காமல் போனதிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

"வண்டிய யாருக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

அண்ணன் பேச ஆரம்பித்தான். கல்யாணங்களுக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடுகிற ஒருத்தராம். பச்சை மேல் அவருக்கு ரொம்ப ஆசையாம். மணமக்கள் பின்னால்தான் உட்காருவார்களாம், ஏசி இல்லாவிட்டால் பெண்ணின் அலங்காரம் கலைந்துவிடுமாம், அதனால் ஏசி போட்டுத் தந்தால்தான் எடுத்துக்கொள்வேன் என்றாராம். வீட்டுக்கு மேல் மாடி எடுக்க வேண்டும், வண்டி சும்மா நிற்கிறது, துருப்பிடித்துப் போவதற்கு இதாவது பரவாயில்லை இல்லையா என்றான். குரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அவனை அடிக்கக் கை எழுந்தது. அவன் அப்படித்தான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவன் என் முதுகில் குத்தினால் வலிக்கும், ஆனால் ஆச்சரியமாக இருக்காது. நான் குனிந்து பின் ஜன்னல் வழியாக அம்மாவைப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"பேரு என் பேர்லதானே இருக்கு. கையெழுத்து நான் போடாம எப்படி?" என்றாள். நிதானமாகத்தான் சொன்னாள். போன மாதமே வண்டிக்குப் பேர் மாற்றுகிற ஆபீசுக்குப் போய் வந்துவிட்டதாகவும், மத்தியானம் வரை வரிசையில் நிற்க வைத்து, மறுபடியும் ஒருநாள் வரச்சொல்லி அலைக்கழித்ததாகவும், கால் வலி இன்னும் போகவில்லை என்றும் சொன்னாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நீ செஞ்சிருப்பியா?"

"செஞ்சிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அப்படியே சொல்கிறேன், வேறு அழகான வார்த்தை எதுவும் எனக்குத் தெரியாது. என் கையாலேயே அப்பாவின் வண்டியில் ஓட்டை போட வைத்து, அந்த ஓட்டைக்கு விலை பேசி முடித்திருக்கிறார்கள். விற்கிறோம் என்றிருந்தால் சண்டை போட்டிருப்பேன், பேசாமல் இருந்திருப்பேன், கடைசியில் விட்டிருப்பேன். அம்மா என் வீட்டுக்கு வருவாள் என்று ஆசை காட்டி அல்லவா வேலை வாங்கினார்கள். பானெட்டைத் திறந்தேன். ஸ்பேனரை எடுத்து கேஸ் குழாயின் நட்டில் வைத்தேன். ஒரு திருப்பு திருப்பினால் போதும், ஏற்றி வைத்த கேஸ் முழுக்க உஸ்ஸென்று போய்விடும், வாங்க வருகிறவன் வெந்து சாகட்டும். அண்ணன் டேய் டேய் என்று ஓடி வந்தான். என்னால் திருப்ப முடியவில்லை. சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு குமிழிகூட வரவில்லை என்று சந்தோஷப்பட்டு நான் முடுக்கிய நட்டு அது. ஸ்பேனரைக் கீழே போட்டேன்.

"முன்னாடி வாம்மா" என்றேன். "எங்க வீடு வரைக்கும் போயிட்டு வரலாம்."

வாங்குகிறவர் இப்போது வந்துவிடுவார் என்று அண்ணன் பதறினான். வந்தால் டீ வாங்கிக் கொடு என்றேன். அம்மா பின் கதவைத் திறந்தாள். பிறகு இறங்கி வந்து, வெள்ளைத் துண்டின் மேல், ஜன்னல் ஓரத்தில், அவள் இடத்தில் உட்கார்ந்தாள்.

இஞ்சினைக் கிளப்பி ஏசியைப் போட்டேன். வழக்கத்தை மீற முடியவில்லை, கண்ணை மூடும்மா என்றேன். மூடினாள். கழுத்துல படுது என்றாள். ஒரு விரல் அளவு தாழ்த்தினேன். இப்ப சரி என்றாள். அந்த இடத்திலேயே முடுக்கிவிட்டு வண்டியை எடுத்தேன்.

வண்டி ஓடிய அழகைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெல்ட் சத்தம் இல்லை, இஞ்சின் சூடு ஏறவில்லை, பாலத்து ஏற்றத்தில்கூட இழுவை குறையவில்லை. வயிற்றெரிச்சலுக்கு நடுவிலும் எனக்குப் பெருமையாக இருந்தது, அது எனக்கே அசிங்கமாக இருந்தது. பாலம் தாண்டியதும் அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"குளிருதுப்பா. கொஞ்சம் குறை" என்றாள்.

குறைத்தேன். அப்பா இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்றாள். கையை ஒடித்திருப்பார் என்றேன். அவள் சிரித்துவிட்டாள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகவே சொல்கிறேன், அந்த இடத்தில் நான் எல்லாவற்றையும் மன்னிக்கத் தயாராகிவிட்டேன். வண்டி போனால் போகட்டும். மாடி எடுக்கட்டும், நன்றாக இருக்கட்டும். இன்றைக்கு ஒருநாள் அம்மா என் வீட்டுக்குள் வந்து, அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனால் கணக்கு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். மடையன், நினைத்தேன்.

எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது மேகம் இன்னும் இறங்கி, மத்தியானத்திலேயே சாயங்காலம் மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. காற்றில் எங்கோ மழை பெய்த வாசனை. ஹார்ன் அடிக்காமலே மனைவி சத்தம் கேட்டு வெளியே வந்துவிட்டாள். கேட்டை இரண்டு பக்கமும் அகலமாகத் திறந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே அம்மா பக்கத்து ஜன்னலுக்கு வந்து குனிந்து, "வாங்க அத்தை" என்றாள். கண்ணாடி ஏற்றியிருந்ததால் சத்தம் உள்ளே சரியாகக் கேட்கவில்லை, வாய் அசைவதுதான் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் வாசற்கதவு திறந்திருந்தது. உள்ளே அந்த நாற்காலி தெரிந்தது.

அம்மா கண்ணாடி வழியாகவே தலையை ஆட்டினாள். கதவின் கைப்பிடிக்குக் கை போகவில்லை. அவளுக்குத் திறக்க வரவில்லையோ என்று நான் இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்தேன். வாசற்படி பத்தடி தூரம்கூட இருக்காது. கையை நீட்டினேன்.

அம்மா என் கையைப் பார்த்தாள். அப்புறம் முன்னால் இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ரொம்ப வெயிலா இருக்குப்பா. இன்னொரு நாள் வரேன்."

நான் வானத்தைப் பார்த்தேன். என் மனைவி பார்க்கவில்லை. அவள் அம்மாவையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பரிதாபம் இருந்தது, எனக்காக. இது அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டுதான் நாற்காலி வாங்கினாள், தெரிந்துகொண்டுதான் என் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டாள்.

"கதவை மூடுங்க" என்றாள் என்னிடம். "உள்ள இருக்கிற குளிர் போயிடும்."

மூடினேன். இந்தப் பக்கம் சுற்றி வருவதற்குள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மண்டையில் இறங்கியது. கையெழுத்துப் போடப் போன ஆபீசில் ஏசி கிடையாது. எனக்குத் தெரியாதா, இந்த ஊரில் எந்தக் கட்டடத்தில் ஏசி இருக்கிறது, எதில் இல்லை என்று எனக்குத்தானே தெரியும். தகரக் கூரை, ஓடுகிற ஃபேனும் ஓடாத ஃபேனும், வரிசை வெளியே ரோடு வரை நிற்கும். கோடையின் நடுவில், மத்தியானம் வரை, இரண்டு நாள் நின்றிருக்கிறாள். இன்றைக்கு ஆட்டோவில்தான் வந்தாள். எங்கேயும் அவளுக்கு மயக்கம் வரவில்லை. வண்டி போனது எனக்கு ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் என் வீட்டு வாசலில் மட்டும்தான் வெயில் அடித்திருக்கிறது. நான் ஏசிக்காரன், அதற்குக் கம்ப்ரசர் தேடிக்கொண்டிருந்தேன்.

மனைவி கேட்டைச் சாத்தவில்லை. நான் வண்டியைத் திருப்பும் வரை அங்கேயே நின்றாள். தெருமுனையில் நான் ஏசியை அணைத்தேன். என் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கினேன், எட்டி அம்மா பக்கத்துக் கண்ணாடியையும் சுற்றிச் சுற்றி இறக்கினேன்.

"ஏன்ப்பா அணைச்சிட்ட?" என்று கேட்டாள்.

"வெளிய வெயில் இல்லம்மா" என்றேன்.

பட்டறை வந்து சேரும் வரை அவள் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். மயங்கவில்லை. வேர்க்கக்கூட இல்லை.